பீப்பாய்களுக்கு யாரும் சொல்லவில்லை

ரோக்கா மெல்லானா
15 அக்டோபர் 1973

அன்பு மருமகள் டெல்ஃபினாவுக்கு,

வலது முழங்காலைத் தவிர மற்ற எல்லா உறுப்புகளிலும் சுகமாக இருக்கும் உன் தாய்மாமன் எவாசியோ எழுதுவது. உன் இருமல் நின்றதா? வெளிநாட்டு லியேஜ் மழையில் வசிப்பவர்கள் நுரையீரலுக்கே ஓடு வேய்ந்துகொள்ள வேண்டும் என்று இங்கே பேச்சு.

இப்போது நான் சொல்லப்போவதை நீ நம்பமாட்டாய். பேராயர் முத்திரை குத்தி அனுப்பினாலும் நம்பமாட்டாய். யாரும் நம்பப்போவதில்லை என்று முதலிலேயே பயபக்தியுடன் உறுதி கூறிவிட்டுத் தொடங்குகிறேன்.

நேற்று ஞாயிறு. நம் தேவாலயத்துப் பாடகர் குழு, பங்குக் குரு டான் பிளாசிதோ தலைமையில், ஒயின் வைக்கும் நிலவறைகளைப் பார்க்க ஒருநாள் பயணம் கிளம்பியது. குவால்தியேரோவின் பேருந்து. மலைத் திருப்பங்களில் அது சக்கரத்தால் திரும்பாது, ஜெபத்தால் திரும்பும். முதல் நிலவறை எவ்வளவு ஆழம் என்கிறாய்? மேலே அக்டோபர், அடியில் இன்னும் ஆகஸ்ட். அங்கே வெயிலுக்குத் தொப்பி போட வேண்டியிருந்தது. இரண்டாவது நிலவறையின் எதிரொலி டான் பிளாசிதோவின் லத்தீனைத் திருத்தியே திருப்பி அனுப்பியது. மத்தியானம் விதவை ஆர்மிதா பச்சைத் தழைச் சாற்றில் ஊறவைத்த நெத்திலி பரிமாறினாள். அந்த உப்புக்கு ஒரு பாடகர் மாடுகளை ஒதுக்கிவிட்டு அவை தண்ணீர் குடிக்கும் தொட்டியைக் காலி செய்தார்.

கடைசியாக உன் அப்பாவின் நிலவறை. சாவி என்னிடம்தானே இருக்கிறது. மெழுகுவர்த்தி பிடித்து, ராஜா மாதிரி முன்னால் இறங்கினேன். எல்லோரும் கோப்பையை நீட்டி நின்ற நேரம், பெரிய பீப்பாய்க்குள்ளிருந்து யாரோ தட்டினார்கள்.

டான் பிளாசிதோ அங்கியை இடுப்புவரை தூக்கிப் பிடித்து முதலில் மேலே போய்ச் சேர்ந்தார். குவால்தியேரோ அதற்குள் ஜெனோவாவுக்குப் பாதி வழி போயிருந்தான். ஆர்மிதா மட்டும் அசையவில்லை. "ஏன் எவாசியோ, உள்ள யாரோ மாட்டிக்கிட்டாங்க போல, தெறந்து விடேன்" என்றாள்.

நான் திறக்கவில்லை.

ஆசீர்வாதங்களுடன்,
மாமா எவாசியோ

---

லியேஜ்
4 நவம்பர் 1973

மரியாதைக்குரிய மாமாவுக்கு,

இருமல் நின்றுவிட்டது. உங்கள் முழங்காலுக்கு மருந்துக்கடையிலிருந்து ஒரு களிம்பு அனுப்பியிருக்கிறேன். தடவத்தான் அது, குடிக்க அல்ல.

உங்கள் கதையை வேலை செய்யும் இடத்தில் சொன்னேன். எல்லோரும் சிரித்தார்கள். பாதிரியாரின் அங்கியை இரண்டு முறை சொல்லச் சொன்னார்கள்.

ஒரு விஷயம். வீட்டையும் திராட்சைத் தோட்டத்தையும் நிலவறையையும் சேர்த்தே விற்றுவிட முடிவு செய்திருக்கிறேன். மிலானில் ஒரு பல் மருத்துவர், கவாஸ்ஸா என்று பெயர், கேட்கிறார். பீப்பாய்களோடுதான் வேண்டுமாம். அவருடைய ஆள் வந்தால் சாவியைக் கொடுங்கள். அப்பா போன பிறகு அந்த வீட்டை வைத்துக்கொண்டு நான் என்ன செய்வது?

குளிருக்கு முன் விறகு வாங்கிவிட்டீர்களா?

அன்புடன்,
டெல்ஃபினா

---

ரோக்கா மெல்லானா
12 நவம்பர் 1973

அன்பு மருமகளுக்கு,

விறகு வந்துவிட்டது. களிம்பும் வந்தது. தடவிய மறுநாளே முழங்கால் எழுந்து என்னைக் கேட்காமல் மலையேறிப் போய்விட்டது. கூப்பிட்டுக் கொண்டுவரப் பெரும்பாடு. நீ நலம்தானே?

வீடு உன்னுடையது. விற்பதும் உன் இஷ்டம். பல்லைப் பிடுங்குகிறவர் வீட்டைப் பிடுங்குவதில் எனக்கு என்ன ஆட்சேபம்? ஆனால் டெல்ஃபினா, பீப்பாய்களுக்கு இன்னும் யாரும் சொல்லவில்லை.

உனக்குத் தெரியாத வழக்கம் இல்லை. ஆனாலும் அந்த ஊர் மழை மறதியைக் கொடுக்கும் என்பதால் எழுதுகிறேன். எஜமான் இறந்தால் அவர் ரத்தத்தில் வந்த ஒருவர் கீழே இறங்கி, ஒவ்வொரு பீப்பாயையும் விரல் முட்டியால் தட்டி, உங்கள் எஜமான் இறந்துவிட்டார், இனி உங்கள் எஜமான் இன்னார் என்று வாய்விட்டுச் சொல்ல வேண்டும். உன் தாத்தா இறந்தபோது ஒத்தாவியோ, அதாவது உன் அப்பா, அழுத கண்ணோடு இறங்கிப் போய்ச் சொன்னதை மேலே நின்று கேட்டவன் நான். சொல்லும்வரை ஒயினைத் தொடக்கூடாது, விற்கக்கூடாது. அவை காத்திருக்கும்.

நான் சொல்லலாம்தானே என்று கேட்பாய். நான் உன் அம்மாவின் தம்பி. அந்தப் பீப்பாய்களுக்கு நான் வெறும் விருந்தாளி. என் பேச்சு அங்கே எடுபடாது. மிச்சம் இருக்கும் ரத்தம் நீ ஒருத்திதான்.

இன்னொன்று. போன ஜனவரியிலிருந்து அந்தப் பீப்பாய்களுக்கு யாரும் ஒயின் ஊற்றி நிரப்பவில்லை. இந்நேரம் ஒரு சாணாவது வற்றியிருக்க வேண்டும். விளிம்புவரை நிற்கிறது. தளும்புகிறது. நேற்று எட்டிப் பார்த்தபோது என் மீசையை நனைத்தது.

மாமா எவாசியோ

---

லியேஜ்
2 டிசம்பர் 1973

மரியாதைக்குரிய மாமாவுக்கு,

நான் நலம். இங்கே பனி விழத் தொடங்கிவிட்டது.

நாம் 1973-இல் இருக்கிறோம். நான் ஒரு மருந்துக்கடையில் வேலை செய்கிறேன். மரப் பீப்பாயிடம் பேசுவதற்காக விடுப்பு கேட்டால் எனக்கே மாத்திரை எடுத்துக் கொடுப்பார்கள். கவாஸ்ஸா ஜனவரியில் வருவார். தயவுசெய்து சாவியைக் கொடுத்துவிடுங்கள்.

மீசை விஷயமும் நம்பும்படியாக இல்லை. அந்தப் பெரிய பீப்பாயின் மூடிக்கு ஏணி இல்லாமல் உங்கள் மீசை எட்டாது.

கிறிஸ்துமஸுக்கு ஆர்மிதா அக்கா உங்களைச் சாப்பிடக் கூப்பிடுவார் என்று நினைக்கிறேன். போங்கள். தனியாக இருக்க வேண்டாம்.

அன்புடன்,
டெல்ஃபினா

பின்குறிப்பு: எப்படித் தட்டியது?

---

ரோக்கா மெல்லானா
16 டிசம்பர் 1973

அன்பு மருமகளுக்கு,

பனியில் கவனமாக நட. இங்கே பெட்ரோல் இல்லை என்று ஞாயிற்றுக்கிழமைகளில் கார் ஓட்டத் தடை போட்டுவிட்டார்கள். மந்திரிகள் கழுதையில் போகிறார்களாம். கழுதைகள் வெட்கப்படுவதாகக் கேள்வி. நம் ஊரில் மருத்துவர் குதிரை வண்டி எடுத்தார். குதிரை பழைய வழக்கப்படி அவரை நேரே மதுக்கடையில் இறக்கிவிட்டது.

நீ கேட்டதற்குப் பதில்.

இரண்டு தட்டு. காது வைத்துக் கேட்கும் அளவுக்கு ஒரு நிறுத்தம். பிறகு ஒன்று.

ஈஸ்டருக்கு வா.

மாமா

---

ரோக்கா மெல்லானா
27 ஜனவரி 1974

அன்பு மருமகளுக்கு,

சுகம்தானே? கிறிஸ்துமஸுக்கும் புத்தாண்டுக்கும் உன்னிடமிருந்து ஒரு வரிகூட இல்லை. குற்றத்தைத் தபால்துறை மேல் போட்டுவிட்டேன். அது பெரிய மனசு பண்ணி ஏற்றுக்கொண்டது.

உன் அப்பாவுக்குத் திதிப் பூசை நடந்தது. டான் பிளாசிதோ நன்றாகப் பேசினார். அதாவது சுருக்கமாக. தோட்டத்தில் உன் அப்பா விழுந்து கிடந்த வரிசையில் ஆர்மிதா ஒரு கைப்பிடி கம்பு கவாத்து வெட்டி வைத்தாள். பாதியில் விட்ட வேலை பாதியில் இருக்கக்கூடாதாம்.

உன் பல் மருத்துவரும் வந்தார். ஒட்டகத் தோல் நிறத்தில் கோட்டு, அந்த நிறத்திலேயே நாய். நான் முறைப்படி எச்சரித்தேன். "ஐயா, இதுக்கு இன்னும் எஜமான் செத்தது தெரியாது. அது பாட்டுக்கு அவரு வருவாருன்னு ஒக்காந்திருக்கு, நீங்க கை வைக்காதீங்க" என்றேன். கேட்கவில்லை. குழாயைத் திறந்து கோப்பையில் பிடித்தார். கோப்பை வாயைத் தொடும் முன்னே ஒயின் காடியாகிவிட்டது. மனுஷனின் முன்பல் இரண்டும் அங்கேயே பொடிப்பொடியாக உதிர்ந்தன. நாய்தான் காரை ஓட்டிக்கொண்டு மிலான் போனது.

எழுது, டெல்ஃபினா. திட்டியாவது எழுது.

மாமா எவாசியோ

---

லியேஜ்
24 பிப்ரவரி 1974

அன்பு மாமாவுக்கு,

தபால்துறை மேல் பழி போட வேண்டாம். நான்தான் எழுதவில்லை. உடம்புக்கு ஒன்றும் இல்லை.

கவாஸ்ஸா கடிதம் போட்டிருந்தார். பற்கள் பத்திரமாக இருக்கின்றன. பார்பேரா ஒயின் அருமை, ஈஸ்டர் முடிந்ததும் பத்திரம் எழுதிவிடலாம் என்கிறார். ஆனால் அவர் கீழே இருந்தபோது படிக்கட்டின் மேலிருந்து யாரோ முனகினார்களாம். ஆவி மாதிரி நீளமான முனகல். நடுவில் இரண்டு முறை தும்மல். ஜலதோஷமா மாமா? மாத்திரை அனுப்பட்டுமா?

இதைப் படித்துவிட்டுப் பேருந்து நிறுத்தத்தில் நின்று தனியாகச் சிரித்தேன். பிறகு வெகுநேரம் சிரிக்கவில்லை.

நீங்கள் எழுதிய அந்தத் தட்டலைப் பற்றி யோசித்துக்கொண்டேதான் இருக்கிறேன். அப்பா சாயங்காலம் பீப்பாயில் எவ்வளவு இருக்கிறது என்று அப்படித்தான் தட்டிப் பார்ப்பார். முப்பது வருஷம் கூடவே இருந்து கேட்டவர் நீங்கள். உங்களுக்கு அப்படித் தட்டத் தெரியும். இந்த ஒரு காரணத்தைப் பிடித்துக்கொண்டுதான் தூங்குகிறேன்.

போன வருஷம் ஜனவரியில் எனக்குக் காய்ச்சல், அதனால் அப்பாவின் அடக்கத்துக்கு வரமுடியவில்லை என்று எழுதியிருந்தேன். என்ன காய்ச்சல் என்று நீங்கள் ஒரு முறைகூடக் கேட்கவில்லை. அதற்கு நன்றி.

தந்தி வந்த காகிதம் இன்னும் இழுப்பறையில் இருக்கிறது. இங்கே யாரிடமும் நான் அந்த வார்த்தையைச் சொன்னதில்லை. அப்பா எப்படி இருக்கிறார் என்று பக்கத்து வீட்டுக்காரி கேட்டால், நல்லா இருக்கார் என்கிறேன். ஒரு வருஷமாக அப்படித்தான் சொல்கிறேன் மாமா.

டெல்ஃபினா

---

ரோக்கா மெல்லானா
6 மார்ச் 1974

என் கண்ணுக்கு,

மாத்திரை வேண்டாம். தும்மல் போய்விட்டது.

நீ சொல்வது சரி. எனக்கு அப்படித் தட்டத் தெரியும்.

ஈஸ்டருக்கு முந்தின வெள்ளிக்கிழமை காசாலே ரயில் நிலையத்தில் நிற்பேன். ஒரு தொப்பி போட்டு வா, இல்லாவிட்டால் எனக்கு அடையாளம் தெரியாமல் போய்விடும் என்று பயம். உனக்கு என்னை அடையாளம் தெரியும். அங்கே இருப்பவர்களிலேயே அழகன் நான்தான்.

கீழே வரச் சொல்லி என்னைக் கேட்காதே. படி தொடங்கும் இடம்வரை வருவேன். அதற்குக் கீழே எனக்கு வேலை இல்லை.

மாமா

---

லியேஜ்
28 ஏப்ரல் 1974

அன்பு மாமாவுக்கு,

பத்திரமாக வந்து சேர்ந்தேன். வழிக்கு நீங்கள் கட்டிக்கொடுத்த சலாமியை ரயிலில் பாதிப் பெட்டிக்குப் பங்கு போட்டேன். முழங்காலை வீணாகப் படியேற்றாதீர்கள்.

நான் மேலே வந்ததும் நீங்கள் ஒரே ஒரு கேள்வி கேட்டீர்கள். "சொல்லிட்டியா?" நான் தலையை ஆட்டினேன். என்ன சொன்னேன் என்று நீங்கள் கேட்கவில்லை. அதனால் எழுதுகிறேன்.

கீழே குளிர். அவர் கோட்டு ஆணியில் அப்படியே தொங்கியது. கொஞ்ச நேரம் அதைப் பார்க்காமல் நின்றேன், பிறகு பார்த்தேன். முதல் பீப்பாயைத் தட்டினேன். சத்தம் வரவில்லை, நான் தட்டியது அவ்வளவு மெதுவாக. மறுபடி தட்டினேன். "அப்பா செத்துட்டாரு" என்றேன். என் வாயிலிருந்து அது வந்ததை முதன்முதலாக நானே கேட்டேன். அப்புறம் அங்கேயே தரையில் உட்கார்ந்துவிட்டேன். நீங்கள் மேலே நின்று ஏதோ பாட்டை முணுமுணுத்துக்கொண்டிருந்தீர்கள். நான் அழுவது உங்களுக்குக் கேட்கவில்லை என்று எனக்குக் காட்டத்தான் அது. தெரியும்.

பிறகு அடுத்த பாதி. இனி உங்கள் எஜமான் இன்னார். கவாஸ்ஸா என்று சொல்ல வாய் எடுத்தேன், வரவில்லை. டெல்ஃபினா என்று சொல்ல நினைத்தேன். அது பொய். நான் லியேஜில் இருப்பவள். அவற்றிடம் அன்றைக்குப் பொய் சொல்லக் கூடாது என்று தோன்றியது.

"இனிமே உங்களுக்கு எஜமான் எவாசியோ. அம்மாவோட தம்பி. வாயெல்லாம் பொய்தான், ஆனா தெனம் வந்து பாக்குற ஆளு. அவரு சொன்னா கேளுங்க" என்றேன். ஒவ்வொன்றிடமும் இதையே சொன்னேன். சின்னப் பீப்பாயைக்கூட விடவில்லை.

கவாஸ்ஸாவுக்கு எழுதிவிட்டேன். விற்பனைக்கு இல்லை.

வரும் வழியில் டான் பிளாசிதோவைப் பார்த்தேன். என் கையைப் பிடித்துக்கொண்டு, "உங்கப்பா நிலவறைய ஒரு நாள் பாக்கணும்மா. போன வருஷமே வரணும்னு இருந்தோம், முடியாமப் போச்சு" என்றார். வயசாகிவிட்டது, பாவம்.

பக்கத்து வீட்டுக்காரியிடம் சொல்லிவிட்டேன். ஒரு கேக் செய்து கொண்டுவந்தாள்.

உங்கள்
டெல்ஃபினா

---

ரோக்கா மெல்லானா
9 மே 1974

அன்பு மருமகளுக்கு,

பார்பேராவின் பேரரசர், கிரிஞ்ஞோலினோ ஒயினின் காவலர், நான்கு பெரிய பீப்பாய்களுக்கும் ஒரு குழந்தைப் பீப்பாய்க்கும் எஜமானர் எவாசியோ தன் திருக்கரத்தால் எழுதுவது. உடம்பு, ராஜ்ஜியம் இரண்டும் நலம். உன் நலம் எழுது. கேக் என்ன கேக் என்றும் எழுது.

உன் கடிதத்தை ஆர்மிதா வீட்டுச் சமையலறையில் படித்தேன். வெங்காயம் அரிந்துகொண்டிருந்தாள். அதனால் கண்ணில் தண்ணீர் வந்தது. வெங்காயம் இன்னும் கூடையில்தான் இருந்தது என்று அவள் சொல்கிறாள். அவள் பேச்சை நம்பாதே.

மறுநாள் கீழே போனேன். படி தொடங்கும் இடத்தில் கால் தானாக நின்றுவிட்டது, அக்டோபரிலிருந்து வந்த பழக்கம். பிறகு தாண்டினேன். ஏணி போட்டுப் பார்த்தால் பெரிய பீப்பாய் சாண் அளவுக்கு வற்றியிருந்தது, எப்போதும் எல்லாப் பீப்பாயும் வற்றுவது போலத்தான். பழைய ஒயினை ஊற்றி விளிம்புவரை நிரப்பினேன். இப்போது எனக்கு அந்த உரிமை உண்டு. கோட்டை எடுக்கவில்லை. பக்கத்தில் இன்னொரு ஆணி அடித்து என்னுடையதை மாட்டினேன்.

டான் பிளாசிதோவுக்கு வயசாகவில்லை, டெல்ஃபினா. என்னைவிட மூன்று வயது சின்னவர்.

அந்தப் பயணத்தில் நான் போகவில்லை. கடைசியாக நம் நிலவறைக்கு வருவதாகச் சொல்லியிருந்தார்கள். அதனால் நான் பின்தங்கி நிலவறையைக் கூட்டினேன். சிலந்தி வலையெல்லாம் எடுத்தேன். ஆர்மிதா வீட்டிலிருந்து கோப்பைகளைக் கடன் வாங்கி, கழுவித் துடைத்து, பலகை மேல் வரிசையாக வைத்தேன். சொட்டுக்கூட ஊற்றியிருக்க முடியாது, ஆனாலும் வந்தவர்கள் கையில் ஏதாவது இருக்க வேண்டாமா? கொஞ்சம் உரையும் தயார் செய்திருந்தேன். அவர்கள் இரண்டாவது இடத்திலேயே பாடத் தொடங்கி, நேரம் போனது தெரியாமல் பாடி, அப்படியே நேரே வீடு போய்விட்டார்கள். யாருக்கும் என் ஞாபகம் வரவில்லை. மனசில் கள்ளம் இல்லாத மறதி. நானும் குறைப்பட்டுக்கொள்ளவில்லை.

ஆகவே ஆகஸ்ட் பொய். லத்தீன் பொய். தூக்கிப் பிடித்த அங்கி பொய், அதற்காகப் பாவசங்கீர்த்தனம் செய்யப்போகிறேன், அவரிடமே. மீசை பொய். பல், நாய், கழுதை எல்லாம் பொய். ஆர்மிதா அன்று அங்கே இல்லவே இல்லை.

சாயங்கால வெயில் மேல் படியில் விழுந்துகொண்டிருந்தது. கோப்பைகளுக்கு முன்னால் நான் ஒருவன் உட்கார்ந்திருந்தேன். அப்போது பெரிய பீப்பாயிலிருந்து தட்டும் சத்தம் வந்தது. அது மட்டும் நிஜம்.

நான் பதிலுக்குத் தட்டவில்லை. எனக்கு அங்கே உரிமை இல்லையே. அதனால் மேலே வந்து உனக்கு எழுதினேன்.

மாமா எவாசியோ